சீனாவில் வங்கிப் பூட்டை உடைத்துவிட்டார்களாமே, பணத்தை எடுத்துவிடலாமா?

கேள்வி:

தம்பிக்கு வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவள் நான். இப்போது அங்கே எல்லாம் செம்பனை. நாங்களும் டவுனுக்கு வந்துவிட்டோம். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கிடைத்த நட்ட ஈட்டில் ஒரு பகுதியை 31 குடும்பங்கள் சேர்ந்து, நிலம் வாங்குவதற்காக ஒரே வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறோம். நான்தான் பொருளாளர்.

போன மாதம் புலனத்தில் ஒரு காணொளி வந்தது. சீன விஞ்ஞானிகள் குவாண்டம் கணினியை வைத்து ராணுவப் பூட்டையே உடைத்துவிட்டார்கள், வங்கிகளின் ரகசியப் பூட்டும் போய்விட்டது, இனி யார் கணக்கிலும் பணம் நிற்காது என்கிறது. அனுப்பியவர் என் வீட்டுக்காரருடைய கூட்டாளியின் மகன். பேனா அளவில் ஒரு கருவியும் கைப்பேசிக்கு ஒரு செயலியும் தருகிறார். பணத்தை அந்தச் செயலிக்குள் மாற்றிவிட்டால் குவாண்டம் கணினியாலும் தொட முடியாதாம். விலை 3,800 வெள்ளி. 500 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன், 'எல்லாம் பொய்ம்மா' என்கிறான். ஆனால் அவனுடைய விரிவுரையாளரே குவாண்டம் ஆபத்து உண்மைதான் என்று வகுப்பில் சொன்னாராம். நான் யாரை நம்புவது? பணத்தை எடுப்பதா, விடுவதா?

பதில்:

அன்புள்ள அக்கா,

பணம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மீதி 3,300 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். 31 குடும்பத்துப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கடைசிவரை பதற்றத்தோடு படிக்கக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்துவிட்ட 500 வெள்ளிக்கு என்ன செய்வது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

சரி, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் யாரையும் நம்ப வேண்டியதில்லை, என்னையும் சேர்த்துத்தான். மறைகுறியாக்கத்தை, அதாவது செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி ரகசியமாகப் பூட்டி வைக்கும் முறையை, உடைப்பது மலையைப் புரட்டுகிற வேலை. ஆனால் ஒருவர் உண்மையிலேயே உடைத்தாரா என்று பார்ப்பது பள்ளிப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை.

என் அம்மாவும் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான். பள்ளி விடுமுறையில் அவரோடு பால் ஸ்டோருக்குப் போவேன். இன்றைக்கு நல்ல பால் என்று யார் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வாளியை நிறுப்பார். ஒரு கோப்பை மொண்டு, பாலின் கெட்டித்தன்மையை அளக்கும் மெட்ரோலாக் என்ற கருவியை அதில் மிதக்கவிடுவார். தண்டில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்த்து எழுதிக்கொள்வார். தண்ணீர் கலந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வெட்டியவர் இருபது வருடப் பழக்கமா, நேற்று வந்தவரா என்று மெட்ரோலாக் பார்ப்பதில்லை. பூட்டை உடைத்தேன் என்று சொல்பவருக்கும் அப்படி ஒரு மெட்ரோலாக் இருக்கிறது.

கால்குலேட்டர் இருந்தால் எடுங்கள். 593-ஐ 1,877-ஆல் பெருக்குங்கள். 1,113,061 வரும். ஐந்து விநாடி வேலை. இதையே திருப்பிப் போட்டு, 1,113,061 என்பது எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று கேட்டால்? என் அக்கா மகள் இரண்டாம் படிவத்தில் படிக்கிறாள். போன விடுமுறையில் அவளிடம் இந்த எண்ணையும் பகா எண்களின் பட்டியலையும் கொடுத்தேன். பகா எண் என்பது தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். 2-ஆல் வகுத்தாள், 3-ஆல் வகுத்தாள், 5, 7, 11 என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். நடுவில் 277-ஐ விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பார்த்தாள். 108-ஆவது வகுத்தலில், 593-இல், புள்ளி எதுவும் இல்லாமல் 1,877 என்று வந்து நின்றது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கண்டுபிடிக்க அவளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதைச் சரிபார்க்க எனக்கு ஒரே ஒரு பெருக்கல் போதுமாக இருந்தது.

ஆர்எஸ்ஏ என்ற புகழ்பெற்ற பூட்டு இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் நிற்கிறது. ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் 1977-இல் அமைத்தது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண்தான் பூட்டு, அந்த இரண்டையும் கண்டுபிடித்தால் பூட்டு திறந்துவிடும். இன்று பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ பூட்டு 2048 பிட் (பிட் என்பது கணினி எண்ணும் 0, 1 இலக்கம்), நம் கணக்கில் 617 இலக்கம் கொண்ட எண். ஏழு இலக்க எண்ணுக்கே 108 தடவை வகுக்க வேண்டியிருந்தது. 617 இலக்கத்தை எப்படி உடைப்பது என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு வந்த காணொளி. அதில் சொல்லப்படும் ஆராய்ச்சி நிஜமாகவே நடந்ததுதான். ஷாங்காய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், கனடாவின் டி-வேவ் நிறுவனத்துக் குவாண்டம் கணினியைப் பயன்படுத்தி ஆர்எஸ்ஏ வகை எண் ஒன்றைப் பிரித்ததாக 2024-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த அக்டோபரில் அது செய்தியானது. 'ராணுவத் தரம்' என்ற சொல் தலைப்பில் ஏறிக்கொண்டது. பிறகு ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு, அது வங்கிப் பூட்டாகிவிட்டது. ஆனால் கட்டுரையை எழுதியவர்களே தாங்கள் பிரித்த எண்ணின் அளவைச் சொல்லியிருக்கிறார்கள். 22 பிட்.

22 பிட் என்றால் 4,194,304-க்குள் அடங்கிவிடும். ஏழு இலக்கம்தான். அந்த அளவில் எந்த எண்ணைக் கொடுத்தாலும், 2,048-க்குக் கீழே இருக்கும் 309 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே விடை வந்துவிடும். என் அக்கா மகள் பிரித்த 1,113,061 எத்தனை பிட் தெரியுமா? 21. உலகத்தையே கலக்கியதாகச் சொல்லப்படும் கணக்குக்கும் இரண்டாம் படிவத்துப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் போட்ட கணக்குக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட்.

அந்த ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. புது வகைக் கருவியில் சின்ன எண்ணைப் பிரித்துப் பார்ப்பதும் ஆராய்ச்சிதான், அவர்கள் அளவை மறைக்கவும் இல்லை. அந்த அளவை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

ஆகவே இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில், 'எத்தனை இலக்கம்?' என்று கேளுங்கள். இதுவரை சாதாரணக் கணினிகளால் வெளிப்படையாகப் பிரிக்கப்பட்ட ஆர்எஸ்ஏ சவால் எண்களில் மிகப் பெரியது 250 இலக்கம் கொண்டது. 2020 பிப்ரவரியில் பிரித்தார்கள். கணினியின் ஒரே ஒரு மையக்கருவை வைத்துச் செய்தால் ஏறக்குறைய 2,700 வருடம் ஓட வேண்டிய வேலையை, உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளில் பிரித்துப் போட்டுச் சில மாதங்களில் முடித்தார்கள். 617 இலக்க எண் ஒன்றும் சவாலாக வெளியிடப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு 200,000 டாலர் பரிசுகூட இருந்தது. போட்டியை 2007-இல் மூடிவிட்டார்கள், ஆனால் எண் எல்லாரும் பார்க்கும்படி அப்படியே இருக்கிறது. அதைப் பிரித்தவர் மேடை ஏறிப் பேச வேண்டியதில்லை. ஏறக்குறைய 309 இலக்கம் கொண்ட இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். உங்கள் மகன் தன் மடிக்கணினியில் பெருக்கிப் பார்த்து ஒரு நொடியில் சொல்லிவிடுவான். இதுவரை யாரும் அந்தத் தாளை வைக்கவில்லை.

நிபுணர்கள் சொன்னால் தப்பாதா என்று கேட்டால், தப்பும். 1977-இல் 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக வெளியிட்டு, பிரித்தால் 100 டாலர் என்றார்கள். அதற்குக் கோடானுகோடி வருடம் ஆகும் என்பது அப்போதைய மதிப்பீடு. 17 வருடத்தில், 1994 ஏப்ரலில், பிரித்துவிட்டார்கள். சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை ஓடவிட்டு மின்னஞ்சலில் விடைத் துண்டுகளை அனுப்பிச் சேர்த்தது அது. மதிப்பீடு பொய்த்துப்போனது. ஆனாலும் அன்றைக்கு யாரும் 'நம்பலாமா' என்று கேட்கவில்லை. 64 இலக்கத்தில் ஒன்றும் 65 இலக்கத்தில் ஒன்றுமாக இரண்டு எண்கள் எதிரே இருந்தன, பெருக்கினால் சரியாக வந்தது.

நானே ஒருமுறை இதில் தவறியிருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் கிளாஸ் ஷ்னோர் என்ற ஜெர்மானியக் கணிதப் பேராசிரியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மறைகுறியாக்கத் துறையில் அவர் மிகப் பெரிய பெயர். தன் புதிய முறை ஆர்எஸ்ஏவை அழித்துவிடும் என்று கட்டுரைச் சுருக்கத்திலேயே எழுதியிருந்தார். நான் அன்றிரவே என் மேலதிகாரிக்கு அவசர மின்னஞ்சல் அனுப்பினேன். பெயரைப் பார்த்தேனே தவிர எண்ணைப் பார்க்கவில்லை. பெரிய எண் எதையும் அவர் பிரித்துக் காட்டியிருக்கவில்லை. நெதர்லாந்தில் லியோ டுகா என்ற ஆராய்ச்சியாளர் அந்த முறையை அப்படியே நிரலாக எழுதி ஓட்டிப் பார்த்து, நிரலை எல்லாருக்கும் பொதுவில் வைத்தார். சொன்ன வேகம் வரவே இல்லை. மறுபடி ஒரு மின்னஞ்சல் எழுதி, முந்தையதைத் திரும்பப் பெற்றேன். அன்று தொட்டு எவ்வளவு பெரிய பெயரானாலும் எண்ணைப் பார்க்காமல் நான் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை.

அதே ஷ்னோர் முறையின் மேல் கட்டப்பட்டதுதான் 2022 டிசம்பரில் சீனாவிலிருந்து வந்த இன்னொரு கட்டுரை. 372 கியூபிட் இருந்தாலே 2048 பிட்டை உடைத்துவிடலாம் என்றது. கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. அவர்கள் பிரித்துக் காட்டியது 48 பிட் எண், அதாவது 15 இலக்கம். பெரிய எண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அடித்தளமே ஓட்டை என்று முந்தைய வருடமே தெரிந்திருந்தும், செய்தி மட்டும் புதிதாகக் கிளம்பியது. உங்களுக்கு வரும் காணொளிகளில் பாதி இப்படிப் பழைய கதைக்குப் புதுச் சட்டை போட்டவைதான்.

எல்லாமே புரட்டு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஏப்ரல் 10 அன்று யீலெய் சென் என்ற சீன ஆராய்ச்சியாளர், குவாண்டம் கணினிகளாலும் உடைக்க முடியாது என்று நம்பப்பட்ட புதிய வகைப் பூட்டுகளின் அடித்தளத்தையே அசைக்கும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இது நிஜமாகவே கனமான வேலை. என் துறையில் அந்த வாரம் பலர் சரியாகத் தூங்கவில்லை. உலகம் முழுக்க உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்கள். எட்டாம் நாள், ஒன்பதாவது படியில் ஒரு பிழையை இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். சென் அதே நாளில், பிழை உண்மைதான், தன்னால் அதைச் சரிசெய்ய முடியவில்லை என்று கட்டுரையின் முகப்பிலேயே எழுதிவிட்டார். அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதை அன்றைக்குக் கூடியதே தவிரக் குறையவில்லை. முழுவதையும் திறந்து வைத்திருந்ததால்தான் எட்டே நாளில் தெரிந்தது. உங்கள் கூட்டாளி மகன் தரும் பேனாவை எட்டு வருடம் வைத்திருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நிஜமாக உடைந்தால் எப்படி இருக்கும் என்றும் ஒன்று சொல்கிறேன். எதிர்காலப் பூட்டுகளுக்கான போட்டியில் 'சைக்' என்ற ஒன்று நான்காம் சுற்றுவரை வந்திருந்தது. 2022 ஜூலை கடைசியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர், காஸ்ட்ரிக், டெக்ரூ, அதை உடைத்தார்கள். குவாண்டம் கணினி இல்லை, ராணுவம் இல்லை. சாதாரணக் கணினியின் ஒரே ஒரு மையக்கருவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிரலையும் சேர்த்தே வெளியிட்டார்கள். எடுத்து ஓட்டியவர்களுக்கெல்லாம் பூட்டு திறந்தது. சைக் பூட்டை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் எதையும் விற்கவில்லை.

அப்புறம், உங்கள் மகனின் விரிவுரையாளர் சொன்னதும் சரிதான். பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கர் 1994-இல், போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி இருந்தால் ஆர்எஸ்ஏவைப் பிரித்துவிடலாம் என்று கணிதத்தில் நிறுவினார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கணினிதான் இன்னும் வரவில்லை. 2001-இல் 15-ஐ 3, 5 என்று பிரித்ததே அன்றைய சாதனை. 2048 பிட்டை உடைக்க 2 கோடி கியூபிட்டும் எட்டு மணி நேரமும் வேண்டும் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். அதே கணக்கைப் போட்டவர்களில் ஒருவரான கிரெய்க் கிட்னி, 2025 மே மாதம் அதை 10 லட்சத்துக்கும் குறைவாக இறக்கி, ஒரு வாரத்துக்குள் முடியும் என்று காட்டினார். ஐபிஎம் 2023 டிசம்பரில் அறிவித்த குவாண்டம் சில்லில் இருந்தவை 1,121 கியூபிட். இடைவெளி பெரியதுதான், ஆனால் குறைந்துகொண்டு வருகிறது. இன்றைக்கு ரகசியச் செய்திகளைத் திருடிச் சேமித்து வைத்து, நாளைக்குக் கணினி வந்ததும் திறப்பார்கள் என்ற கவலையும் நியாயமானது. அரசாங்க ரகசியங்களும் மருத்துவப் பதிவுகளும் அந்தக் கவலைக்குள் வரும். உங்கள் வங்கிக் கணக்கின் மீதித் தொகை வராது.

அதற்கான வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2024 ஆகஸ்ட் 13 அன்று குவாண்டத்தைத் தாங்கும் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. சிக்னல் செயலி 2023-லும், ஆப்பிளின் ஐமெசேஜ் 2024-லும் இப்படிப்பட்ட புதிய பூட்டுக்கு மாறின. பயன்படுத்துபவர்கள் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை, செயலியைப் புதுப்பித்ததோடு சரி. பூட்டு வங்கியின் கணினிக்கும் உங்கள் கைப்பேசிக்கும் நடுவில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டியது வங்கி. உங்கள் கைப்பையில் இருக்கும் பேனா, வங்கி வாசலில் இருக்கும் பூட்டை எப்படி மாற்றும்? அந்தத் தம்பியிடம் இதைக் கேளுங்கள். வங்கிப் பூட்டு உடைந்தது என்பதற்குச் சான்று கேட்டால் காணொளி காட்டுகிறார். ஆனால் பணத்தை வங்கியிலிருந்து எடுத்துத் தன் செயலிக்குள் போடச் சொல்வதில் மட்டும் தெளிவாக இருக்கிறார்.

அவரும் ஏமாந்தவராக இருக்கலாம். கூட்டாளியின் மகன் என்பதால் இதைச் சொல்கிறேன். மேலே யாரோ ஒருவர் அவருக்குக் கமிஷன் பேசியிருப்பார். அதனால் சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம்.

நம் நாட்டில் பணத்தை இழப்பவர்களிடம் 617 இலக்க எண்ணை யாரும் பிரிப்பதில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாரா என்று சொல்லி அழைப்பார்கள், பொட்டலம் வந்திருக்கிறது என்பார்கள், ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள். கடவுச்சொல்லை நாமே கொடுத்துவிடுகிறோம். உங்களுக்குச் சொல்லப்பட்ட 'குவாண்டம்' அந்த வரிசையில் வந்த புதுச் சொல். ஆகவே இதுவரை அந்தச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றியிருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மகன் உதவுவான்.

இனி அந்த 500 வெள்ளி. வாய்ப்பேச்சாக இல்லாமல் புலனத்திலேயே எழுதி, முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தேதி இருக்கும், பதிலும் பதிவாகும். காணொளி, விலை சொன்ன செய்தி, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் படம் பிடித்து மகனுடைய கைப்பேசியிலும் ஒரு பிரதி வையுங்கள். எந்தக் கணக்குக்கு அனுப்பினீர்களோ அந்த எண்ணை, மோசடிக் கணக்கா என்று சரிபார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் ஏதாவது சொல்லியிருந்தால் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டியலில் இல்லை என்பதால் நல்லவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரத்தில் திரும்ப வராவிட்டால் சுங்கை சிப்புட் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், தொகை சின்னது என்று தயங்காதீர்கள். உங்கள் தோட்டத்து மற்றக் குடும்பங்களில் யாராவது ஏற்கெனவே பெரிய தொகையை மாற்றியிருந்தால், அவர்கள் காத்திருக்கவே கூடாது. உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்ணான 997-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் நிறுத்திவைக்க அப்போதுதான் வாய்ப்பு உண்டு.

அடுத்த கூட்டத்தில் 31 குடும்பத்தாரிடமும் முன்பணம் கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள், அக்கா. உங்கள் சொந்தக் காசாகவே இருந்தாலும் சொல்லுங்கள். அதே காணொளி அவர்களுக்கும் வந்திருக்கும், நீங்கள் வாங்கிவிட்டீர்கள் என்று நினைத்து அவர்களும் வாங்கப் பார்ப்பார்கள்.